“முடிந்தது” – முடிந்துபோன வார்த்தையா, நிலைத்து நிற்கும் வார்த்தையா?

வேதபாடம்

வாசிக்க வேண்டிய பகுதி: யோவான் 19:17-37





கடந்த லெந்து நாட்களில் ஓர் இரவு, நமது மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் ஒரு பெரியவர் காலமானார். பல வாரங்கள் சிகிச்சையில் இருந்தவர். செய்தி சொல்லப்பட்டதும் அவருடைய மனைவி வார்டுக்கு வெளியே வந்து, சுவரில் சாய்ந்து, தரையில் உட்கார்ந்துவிட்டார். “எல்லாம் முடிஞ்சுபோச்சு ஐயா” என்றார். சற்று நேரம் கழித்து, தமக்குத்தாமே பேசுகிறவர்போல, “அவருக்கு முடிஞ்சுபோச்சு. கடன்தான் முடியலை” என்றார். வைத்தியத்துக்காக வெளியிலே வட்டிக்குப் பணம் வாங்கியிருந்தார்கள். நாங்கள் அவர் அருகில் உட்கார்ந்திருந்தோமே தவிர, சொல்லுவதற்கு எங்களிடம் வார்த்தை இல்லை.

அந்த இரவில் பணியிலிருந்த ஒரு பயிற்சி நர்ஸ், பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி தியான ஆராதனை முடிந்தபின் எங்களிடம் வந்தாள். சிலுவையின் ஆறாம் வார்த்தையைப் பற்றி அன்று பேசியவர்கள் நாங்கள்தான். “ஐயா, ஆண்டவர் சொன்னதும் முடிந்தது என்கிற வார்த்தைதான். அன்றைக்கு அந்த அப்பத்தா சொன்னதும் அதே வார்த்தைதான். இரண்டும் ஒன்றா?” என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. நியாயமான கேள்வி. அதற்கு உடனே கொடுத்த பதில் எங்களுக்கே திருப்தியாக இல்லை. வேதாகமக் கல்லூரியில் படித்த கிரேக்க இலக்கணத்தைத் தூசிதட்டி எடுத்து உட்கார்ந்தோம். அப்படிப் படித்ததையே இந்த வேதபாடமாக உங்கள் முன் வைக்கிறோம். நம் கோவிலூரில் மடத்திலே வேதாந்த நூல்களைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் கேட்டுப் படிப்பது பல தலைமுறை வழக்கம். நம் வேதத்தை நாம் அதைவிடக் குறைந்த கவனத்தோடு படிக்கலாமா? கிரேக்கம் தெரியாதவர்களும் பின்தொடரக்கூடியபடியே எழுதுகிறோம். தமிழ் தெரிந்திருந்தால் போதும்.

1. டாக்டர் வந்தார், டாக்டர் வந்திருக்கிறார்

தமிழில் காலம் மூன்று: இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம். தொல்காப்பியம் தொடங்கி நம் இலக்கண நூல்கள் சொல்வது இதுவே. ஆனால் நம் பேச்சைக் கவனித்தால், இந்த மூன்றுக்குள் அடங்காத ஒரு நுட்பமும் நம்மிடம் உண்டு.

“டாக்டர் வந்தார்” என்று ஒரு நர்ஸ் சொன்னால், அது நடந்த ஒரு காரியம். காலையில் வந்தாரா, நேற்று வந்தாரா, வந்துவிட்டுப் போய்விட்டாரா என்பது அந்த வினையில் இல்லை. “டாக்டர் வந்துகொண்டிருந்தார்” என்றால், வருகை நடந்துகொண்டிருந்ததை நம் கண்முன் நிறுத்துகிறது. “டாக்டர் வந்திருக்கிறார்” என்றாலோ, நோயாளி எழுந்து உட்காருகிறார், உறவினர் மருந்துச் சீட்டைத் தேடுகிறார். ஏன்? வந்தது முன்பே நடந்துவிட்டது. அதன் பலனாக அவர் இப்பொழுது இங்கே இருக்கிறார். நடந்த செயல் ஒன்று, நிற்கும் நிலை ஒன்று. இரண்டையும் ஒரே வினைச்சொல் சுமக்கிறது.

கிரேக்க மொழியில் இந்த மூன்றுக்கும் தனித்தனியான வினைவடிவங்கள் உண்டு. நடந்ததை நடந்ததாக மட்டும் சொல்லும் வடிவத்துக்கு ‘அயோரிஸ்து’ என்று பெயர். நடந்துகொண்டிருந்ததைக் காட்டுவது ‘இம்பர்ஃபெக்ட்’. நடந்து முடிந்து, அதன் நிலை நிற்பதைக் காட்டுவது ‘பெர்ஃபெக்ட்’. இந்தக் கடைசி வடிவத்தை ‘நிலைபேற்று வடிவம்’ என்று இந்தக் கட்டுரைக்காக மட்டும் வைத்துக்கொள்வோம்.

நம் செட்டிநாட்டுக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் எளிது. அதில் வரவு எழுதுவார்கள், பற்று எழுதுவார்கள், கடைசியில் இருப்பு எழுதுவார்கள். வரவும் செலவும் அன்றைக்கு நடந்தவை. நடந்து முடிந்து போனவை. இருப்போ பெட்டியில் இருக்கிறது. நடந்த எல்லாவற்றின் பலனும் இன்றைக்கு எந்த நிலையில் நிற்கிறது என்பதைச் சொல்வது அது. ‘இருப்பு’ என்ற சொல்லும், ‘வந்திருக்கிறார்’ என்பதில் வரும் ‘இரு’வும் ஒரே வேரிலிருந்து வந்தவை. கிரேக்கத்தின் அயோரிஸ்து வரவு செலவைச் சொல்லும். பெர்ஃபெக்ட் இருப்பைச் சொல்லும்.

2. ஆறாம் வார்த்தையின் அமைப்பு

யோவான் 19:30-ல் ஆண்டவர் சொன்னதாகச் சுவிசேஷகர் எழுதியிருப்பது கிரேக்கத்தில் ஒரே ஒரு சொல்: ‘தெதெலெஸ்தாய்’. இதை மூன்று துண்டாகப் பிரிக்கலாம்.

நடுவில் இருப்பது ‘தெலெஸ்’. இது ‘தெலெயோ’ என்ற வினையின் பகுதி. ‘தெலோஸ்’ என்ற பெயர்ச்சொல்லோடு உறவுடையது. தெலோஸ் என்றால் முடிவு. இலக்கு, நிறைவு என்ற பொருளிலும் வரும். ஓட்டக்காரன் களைத்துப்போய் நடுவழியில் நிற்பது தெலோஸ் அல்ல. எல்லைக்கோட்டைத் தொடுவது தெலோஸ்.

முன்னால் நிற்கும் ‘தெ’ என்பது, பகுதியின் முதல் மெய்யெழுத்தையே ஒரு எகரத்தோடு மறுபடியும் முன்னால் வைப்பது. எழுதுவதற்கு ‘கிராஃபோ’, எழுதியிருக்கிறேன் என்பதற்கு ‘கெகிராஃபா’. இந்த இரட்டிப்பைக் கண்டவுடன், கிரேக்க வாசகன் இது நிலைபேற்று வடிவம் என்று அறிந்துகொள்வான்.

கடைசியில் வரும் ‘தாய்’ என்னும் விகுதி, செயப்பாட்டுவினை, படர்க்கை, ஒருமை என்று காட்டுகிறது. இங்கே கவனிக்கத்தக்க ஒன்று உண்டு: இது நிகழ்கால வினைக்கு வரும் விகுதியேதான். நடந்து முடிந்த காரியத்தைச் சொல்லும்போதும், கிரேக்க இலக்கணம் நிகழ்கால விகுதியைப் போடுகிறது. பேசுகிறவனுடைய கண் நேற்றைப் பார்க்கவில்லை, இன்றைப் பார்க்கிறது என்பதற்கு இது சொல்லின் உடம்பிலேயே இருக்கும் அடையாளம்.

ஆக, தெதெலெஸ்தாய் என்பதன் பொருளை விரித்துச் சொன்னால்: “நிறைவேற்றப்பட்டு, நிறைவேறினதாக நிற்கிறது.”

3. நம் தமிழ் வேதாகமம் சரியாகத்தான் சொல்கிறதா?

தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714, 1715-ம் ஆண்டுகளில் அச்சேறியது. அதற்குப்பின் பப்ரீஷியஸ் ஐயர், ரேனியஸ் ஐயர் என்று பலர் உழைத்தார்கள். பவர் ஐயர் தலைமையில் திருத்தப்பட்டு 1871-ல் வெளிவந்த வேதாகமமே நம் சபைகளில் இன்றும் பெரும்பாலும் வாசிக்கப்படுவது. அதில் இந்த இடத்தில் ‘முடிந்தது’ என்று இருக்கிறது. 1995-ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் ‘நிறைவேறிற்று’ என்ற வினையைப் பயன்படுத்துகிறது.

‘இரு’ சேர்த்து ஏன் எழுதவில்லை என்று கேட்கலாம். வனாந்தரத்தில் ஆண்டவர் சோதிக்கப்பட்டபோது, வேதத்தைச் சுட்டிச் சொன்ன ‘கெகிராப்தாய்’ என்ற சொல்லும் இதே வடிவம்தான். மத்தேயு 4-ம் அதிகாரத்தில் அதை நம் முன்னோர் ‘எழுதியிருக்கிறதே’ என்று அழகாக மொழிபெயர்த்தார்கள். எழுதப்பட்டது, அது இன்னும் அப்படியே நிற்கிறது. ஆனால் சிலுவையில் ‘முடிந்திருக்கிறது’ என்று எழுதினால் தமிழ்க் காதுக்கு அது வேறுவிதமாகக் கேட்கும். காலையில் எழுந்து ஈரமான முற்றத்தைப் பார்த்து, “ராத்திரி மழை பெய்திருக்கிறது” என்கிறோம். அது ஊகித்துச் சொல்வது. மரணத் தறுவாயில் ஆண்டவர் ஊகித்துச் சொல்லவில்லை, அறிவித்தார். ஆகவே மொழிபெயர்ப்பாளர்கள் நேரான இறந்தகால வினையைத் தெரிந்துகொண்டதில் குறை சொல்ல இடமில்லை.

மேலும், ‘முடி’ என்ற நம் வினையும் வறுமையான சொல் அல்ல. “கல்யாணம் முடிந்தது” என்று ஒரு தகப்பன் சொன்னால், கணவன் மனைவி உறவு தீர்ந்துபோயிற்று என்று யாராவது எண்ணுவார்களா? இனிமேல்தான் அவர்கள் கணவன் மனைவியாக நிற்கிறார்கள். முகூர்த்தம் ஒரு நாள். அதன் நிலை ஆயுள் முழுதும். ஆண்டவருடைய ‘முடிந்தது’ இந்த வகையைச் சேர்ந்தது. வார்டு வாசலில் நாங்கள் கேட்ட ‘முடிஞ்சுபோச்சு’ அப்படியல்ல. அதில் ‘போச்சு’ என்று ஒரு துணைவினை இருக்கிறது. கையைவிட்டுப் போயிற்று, இனி ஒன்றும் மிச்சமில்லை என்கிற துக்கம் அந்தத் துணைவினையில்தான் இருக்கிறது. பயிற்சி நர்ஸின் கேள்விக்குப் பதில் இங்கே தொடங்குகிறது: பகுதி ஒன்றுதான், ஆனால் ஒன்றில் ‘போ’ இருக்கிறது, மற்றதில் ‘இரு’ இருக்கிறது.

4. யோவானுடைய பேனா

இது நாங்கள் ஒரு சொல்லிலிருந்து பிழிந்தெடுக்கும் கற்பனை அல்ல. நான்கு சுவிசேஷகர்களில் இந்த நிலைபேற்று வடிவத்தை அதிகமாகக் கையாளுகிறவர் யோவான். 19-ம் அதிகாரத்தையே எடுத்து வாசித்துப் பாருங்கள்.

பிலாத்து எபிரெயு, கிரேக்கு, லத்தீன் ஆகிய மூன்று மொழிகளில் மேல்விலாசம் எழுதிச் சிலுவையின்மேல் போடுவித்தான். பிரதான ஆசாரியர்கள் அதை மாற்றச் சொன்னார்கள். 22-ம் வசனத்தில் அவன் ‘கெகிராஃபா’ என்ற சொல்லை இரண்டு தரம் சொல்லி மறுத்தான். எழுதினேன், எழுதினது எழுதினதாகவே நிற்கும், மாற்றமாட்டேன் என்று பொருள். அந்த வடிவத்தின் உறுதியை அறிய இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம். சிலுவையின் உச்சியில் ஒரு ரோம அதிபதியின் மாறாத எழுத்து. அதன் கீழே தொங்கினவருடைய வாயில் அதே வடிவத்தில் ஒரு சொல்.

28-ம் வசனத்தில், எல்லாம் நிறைவேறியாயிற்று என்று இயேசு அறிந்ததாக யோவான் எழுதுகிறார். அங்கேயும் தெதெலெஸ்தாய்தான். அதே வசனத்தில், வேதவாக்கியம் நிறைவேறத்தக்கதாக என்று சொல்லும்போது, அதற்கு நெருங்கிய உறவுள்ள இன்னொரு வினையை வைக்கிறார். அதன்பின் 30-ம் வசனத்தில் அந்தச் சொல் ஆண்டவருடைய வாயிலிருந்தே வருகிறது. எது முடிந்தது என்ற கேள்விக்கு விடை இரண்டு வசனங்களுக்கு முன்னேயே கொடுக்கப்பட்டிருக்கிறது: ‘எல்லாம்’. பிதா செய்யும்படி கொடுத்த கிரியை (யோவான் 4:34; 17:4), வேதவாக்கியங்கள் சொன்னவை, எல்லாம்.

உடனே அடுத்து, தலையைச் சாய்த்தார், ஆவியை ஒப்புக்கொடுத்தார் என்று சொல்லும்போது யோவான் அயோரிஸ்துக்குத் திரும்பிவிடுகிறார். அவை நடந்த செயல்கள், நடந்தபடியே சொல்லப்படுகின்றன. 35-ம் வசனத்தில் கண்டவன் சாட்சிகொடுத்ததைச் சொல்லும்போது மீண்டும் நிலைபேற்று வடிவம். அந்தச் சாட்சி அன்றோடு முடியவில்லை. வாசிக்கிற நமக்கு முன்பாக இன்றும் நிற்கிறது.

5. நாங்கள் திருத்திக்கொள்ள வேண்டிய ஒரு விளக்கம்

பிரியமானவர்களே, இங்கே உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளாக இந்த ஆறாம் வார்த்தையைப் பிரசங்கிக்கும்போது நாங்கள் ஒரு விளக்கம் சொல்லிவந்தோம். “அந்நாட்களில் கடன் தீர்ந்த ரசீதின்மேல் தெதெலெஸ்தாய் என்று எழுதுவார்கள்; முழுவதும் செலுத்தப்பட்டது என்று அதற்கு அர்த்தம்” என்பதே அது. மருத்துவமனையில் இதைச் சொல்வது எளிது. பில் கட்டும் கவுண்டரில் முத்திரை குத்துவதைக் காட்டிச் சொல்லிவிடலாம். ஏழை நோயாளர் நிதிக்காக வேண்டுகோள் விடுத்தபோதும் சொல்லியிருக்கிறோம். கேட்டவர்களில் சிலர் கண்ணீர்விட்டதும் உண்டு.

ஆனால் இந்த விளக்கத்தின் அஸ்திபாரம் பலமானதல்ல. எகிப்து தேசத்துப் பாப்பிரஸ் தாள்களில், முக்கியமாக ஃபையூம் பகுதியின் சுங்கவாசல்களில் கொடுக்கப்பட்ட ரசீதுகள் பல கிடைத்திருக்கின்றன. அவற்றின் தொடக்கத்தில் ‘தெதெல்’ என்று சுருக்கமாக எழுதப்பட்டிருக்கும். அந்தச் சுருக்கத்தைத் தெதெலெஸ்தாய் என்று விரித்து வாசித்தவர்கள் உண்டு. 1914-க்கும் 1929-க்கும் இடையே பகுதி பகுதியாக வெளிவந்த மௌல்டன், மில்லிகன் என்பவர்களின் புகழ்பெற்ற சொற்களஞ்சியத்திலும் இது இடம்பெற்றது. பிரசங்கிகள் கைக்கு அங்கிருந்து வந்து சேர்ந்தது. பாப்பிரஸ் ஆராய்ச்சியாளர்கள் இன்று அதை ‘தெதெலோனேதாய்’ என்று விரித்து வாசிக்கிறார்கள். அது வேறொரு வினை. ‘சுங்கம் செலுத்தப்பட்டிருக்கிறது’ என்று பொருள். ஒட்டகத்தின்மேல் சரக்கு ஏற்றி வாசலைக் கடந்தவனுக்குக் கொடுத்த சீட்டு அது; கடனாளிக்குக் கொடுத்த விடுதலைச் சீட்டு அல்ல.

‘தெலெயோ’ என்ற வினைக்கு வரி செலுத்துதல் என்ற பொருளே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. மத்தேயு 17:24-லும் ரோமர் 13:6-லும் அந்தப் பொருளில்தான் வருகிறது. ஆனால் யோவான் 19-ல் வரியும் இல்லை, கடனும் இல்லை, ரசீதும் இல்லை. சொல்லின் பொருளை, அது நிற்கும் இடம்தான் தீர்மானிக்க வேண்டும். அங்கே யோவான் பேசுவது கிரியை நிறைவேறுவதைப் பற்றி. உதாரணம் இனிமையாக இருக்கிறது என்பதற்காகவோ, காணிக்கை சேருகிறது என்பதற்காகவோ, வேதம் சொல்லாததை அதன் வாயில் வைக்க நமக்கு உரிமை இல்லை. ஆகவே அந்த விளக்கத்தை நாங்கள் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். எங்களிடமிருந்து கேட்டு, வாலிபர் கூட்டத்திலோ ஞாயிறு பள்ளியிலோ அதைச் சொல்லிவரும் நண்பர்கள் தயவுசெய்து எங்களைப் பொறுத்துக்கொண்டு, நீங்களும் திருத்திக்கொள்ளுங்கள்.

6. அப்படியானால் கடன்சீட்டு எங்கே?

கடன் தீர்ந்தது என்ற நற்செய்தி பொய்யாகிவிட்டதா? இல்லவே இல்லை! அது வேறொரு இடத்தில், இன்னும் உறுதியாக எழுதப்பட்டிருக்கிறது. கொலோசெயர் 2:14-ஐத் திருப்புங்கள்.

அங்கே பவுல் ‘கைரோகிராஃபோன்’ என்ற சொல்லை எழுதுகிறார். ‘கைர்’ என்றால் கை. ‘கிராஃபோ’ என்றால் எழுது. நம் வேதாகமம் அதைச் சொல்லுக்குச் சொல் ‘கையெழுத்து’ என்று மொழிபெயர்த்திருக்கிறது. கடன் வாங்கினவன், ‘இவ்வளவு தரவேண்டியது உண்மை’ என்று தன் கைப்படவே எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. செட்டிநாட்டாருக்குப் புரோநோட்டு என்றால் விளக்கம் வேண்டுமா? எழுதிக்கொடுத்தவன் பிறகு மறுக்க முடியாது. அவன் கையே அவனுக்கு விரோதமான சாட்சி. அந்தச் சீட்டை ஆண்டவர் குலைத்து, சிலுவையில் ஆணியடித்தார் என்கிறார் பவுல்.

இந்த வசனத்தில் வினைகளின் வடிவத்தைக் கவனியுங்கள். குலைத்ததும் ஆணியடித்ததும் அயோரிஸ்து. ஒருதரம் நடந்த செயல்கள். ஆனால் அந்தச் சீட்டை நடுவிலிருந்து எடுத்துப்போட்டார் என்னும் இடத்தில் பவுல் ‘ஏர்க்கென்’ என்று எழுதுகிறார். அது நிலைபேற்று வடிவம்! எடுத்துப்போட்டார், அது இன்றும் நடுவில் இல்லை. அவருக்கும் நமக்கும் இடையே அந்தச் சீட்டு கிடந்த இடம் காலியாகவே இருக்கிறது. பாதிக் கடனை அடைத்துவிட்டு, நோட்டை மட்டும் பெட்டியில் வைத்துக்கொண்டு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லுகிற தேவன் அல்ல நம் தேவன்.

யோவானின் ஒரு சொல்லில் ஆதாரமில்லாத ரசீதைத் தேடிக்கொண்டிருந்த எங்களுக்கு, பவுலின் நிருபத்தில் உண்மையான கடன்சீட்டே கிடைத்தது. வேதத்தை உள்ளபடி வாசிக்கிறவன் ஒருபோதும் நஷ்டமடைவதில்லை.

7. இலக்கணம் சொல்லாத ஒன்று

இன்னுமொரு எச்சரிக்கையும் தேவை. இந்த வடிவம் வரும் இடமெல்லாம், ‘என்றென்றைக்கும் மாறாதது’ என்று பொருள் என்று சிலர் போதிக்கிறார்கள். அதுவும் அளவுக்கு மிஞ்சியது. நிலை இப்பொழுது நிற்கிறது என்று மட்டுமே இலக்கணம் சொல்லும். எவ்வளவு காலம் நிற்கும் என்று அது சொல்லாது. “டாக்டர் வந்திருக்கிறார்” என்பது உண்மை. ஆனால் மாலையில் அவர் வீட்டுக்குப் போவார்.

பெதஸ்தா குளத்தருகே முப்பத்தெட்டு வருஷம் வியாதியாயிருந்த மனுஷனை நினைத்துப் பாருங்கள். யோவான் 5:10-ல் அவனைச் சுகமாக்கப்பட்டவன் என்று குறிப்பிடவும், 14-ம் வசனத்தில் நீ சொஸ்தமானாய் என்று ஆண்டவர் அவனிடம் சொல்லவும், யோவான் இந்த வடிவத்தைத்தான் வைக்கிறார். அவன் சுகமாக்கப்பட்டு, சுகமுள்ளவனாக அங்கே நிற்கிறான். ஆனால் அதே மூச்சில், அதிகக் கேடானது வராதபடி இனிப் பாவம் செய்யாதே என்று ஆண்டவர் எச்சரிக்கிறார். அப்படியே 11:11-ல், லாசரு நித்திரையடைந்திருக்கிறான் என்பதும் இதே வடிவம். ஆனால் அந்த நிலையைக் கலைப்பதற்காகவே ஆண்டவர் பெத்தானியாவுக்குப் புறப்பட்டார். மருத்துவமனையில் ஊழியம் செய்கிற நமக்கு இது நன்றாகவே தெரியும். குணமாகிப் போனவர் மறுபடியும் வருவதுண்டு. பிழைக்கமாட்டார் என்று எண்ணப்பட்டவர் எழுந்து நடப்பதும் உண்டு.

அப்படியானால் கல்வாரியில் நிறைவேறியது என்றும் நிற்கும் என்று எதைக்கொண்டு சொல்கிறோம்? இலக்கணத்தைக்கொண்டு அல்ல, உயிர்த்தெழுந்தவரைக்கொண்டு. 1 கொரிந்தியர் 15-ம் அதிகாரத்தில் பவுல் சுவிசேஷத்தைச் சுருக்கிச் சொல்லும்போது, மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார் என்பவற்றை அயோரிஸ்தில் எழுதுகிறார். அவை நடந்தன, ஆனால் அவர் இப்பொழுது மரித்தவராக இல்லை, கல்லறையில் இல்லை. அடுத்து, எழுப்பப்பட்டார் என்பதற்கு மட்டும் வடிவத்தை மாற்றி ‘எகேகெர்தாய்’ என்று எழுதுகிறார். எழுப்பப்பட்டு, இன்றும் உயிரோடிருக்கிறார் என்று பொருள். எபிரெயர் 10:14-லோ, ஒரே பலியினாலே பூரணப்படுத்தினார் என்பதற்கு நிலைபேற்று வடிவத்தை வைத்தபிறகும், அது போதாது என்பதுபோல, என்றென்றைக்கும் என்ற பொருள்தரும் சொல்லையும் அந்த ஆசிரியர் தனியே சேர்க்கிறார். வினைவடிவம் தானாகச் சொல்லாததை அவர் வார்த்தையாகவே சொல்லிவிட்டார். ஆம், நம் நம்பிக்கையின் வேர் ஒரு விகுதியில் இல்லை. ஜீவனுள்ள ஒருவரில் இருக்கிறது.

8. நமக்கு இதனால் என்ன?

முதலாவது, நோயாளர்களுக்கு. எங்கள் வார்டுகளில் படுத்திருக்கும் பலர், தங்கள் வியாதியைத் தேவன் வசூலிக்கும் பாக்கி என்றே எண்ணுகிறார்கள். “என்ன பாவம் செய்தேனோ, இப்பொழுது கட்டுகிறேன்” என்று எத்தனை பேர் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்! அவர்களிடம் நாங்கள் சொல்லக்கூடியது இதுதான்: தேவனிடம் உங்கள் பெயரில் அப்படி ஒரு சீட்டு நடுவிலே இல்லை, அவர் அதை எடுத்துப்போட்டிருக்கிறார். உங்கள் வேதனை பாக்கிக்கான வட்டி அல்ல.

இரண்டாவது, ஊழியர்களுக்கும் ஆதரவாளர்களாகிய உங்களுக்கும். நாம் செய்யும் வேலை ஒருநாளும் தீருவதில்லை. ஒரு படுக்கை காலியானால், அடுத்தவர் வராந்தாவில் காத்திருக்கிறார். கிறிஸ்து தொடங்கியதை நம் காணிக்கையாலும் நம் உழைப்பாலும் முடித்துவைக்க வேண்டும் என்று எண்ணினால், சோர்ந்துபோவோம், அல்லது பெருமைகொள்வோம். அவர் நிறைவேற்றியிருக்கிறார். அந்த இருப்பிலிருந்துதான் நாம் எடுத்துச் செலவழிக்கிறோம். நீங்கள் அனுப்பும் காணிக்கை தேவனுக்குச் செலுத்தும் கடன் தவணை அல்ல. கடன் தீர்ந்தவர்களின் நன்றி.

மூன்றாவது, அந்த அம்மாவைப் பற்றி. மருத்துவமனைக்கு அவர் தரவேண்டியிருந்த பாக்கியை, நீங்கள் தாங்கிவரும் ஏழை நோயாளர் நிதியிலிருந்து தீர்த்தோம். அதற்காக உங்களுக்கு நன்றி. ஆனால் வெளியில் வாங்கிய கடனை நாங்கள் தீர்க்க முடியவில்லை. அதை அவரும் அவர் மகனும் கூலிவேலை செய்து கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவருகிறார்கள். ‘முடிந்தது’ என்ற வார்த்தையை அவர் முன்னால் லேசாக உச்சரிக்க எங்களுக்குத் துணிவு இல்லை. சில மாதங்களுக்குப்பின் இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள வந்தபோது, அந்தப் பயிற்சி நர்ஸ்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்பத்தா, எப்படி இருக்கீங்க?” என்று கேட்டாள். “இருக்கேன் தாயி” என்றார் அவர்.

இருக்கேன்! அவர் கிரேக்கம் அறியாதவர். ஆயினும், போயிற்று என்று சொன்ன அதே வாய் இருக்கிறேன் என்று சொல்வதைக் கேட்டபோது, எங்கள் உள்ளம் நன்றியால் நிறைந்தது. அவருடைய துக்கம் தீரவில்லை, கடனும் தீரவில்லை. ஆனால் அவரைத் தனியே விட்டுவிடாத ஒரு அன்பு நிலைத்து நிற்கிறது. அந்த அன்பின் வேலைக்காரராக இருக்கவே நமது மருத்துவமனை இங்கே இருக்கிறது.

சிந்தனைக்கும் குழுப்படிப்புக்கும்

1. யோவான் 16:33-ல், உலகத்தை ஜெயித்தேன் என்று ஆண்டவர் சொல்லும் வினையும் இதே வடிவம். சிலுவைக்கு முன்னாலேயே அவர் இப்படிச் சொன்னது நமக்கு என்ன தைரியம் தருகிறது?

2. தேவனுக்கு இன்னும் கட்டவேண்டிய பாக்கி இருப்பதாக எண்ணி நீங்கள் சுமந்துகொண்டிருக்கும் காரியம் ஏதாவது உண்டா? கொலோசெயர் 2:14-ஐ மறுபடியும் வாசியுங்கள்.

3. நீங்கள் கேட்டு, விசாரிக்காமல் திரும்பச் சொல்லிவரும் வேதவிளக்கம் ஏதாவது உண்டா? அதை எப்படிச் சோதித்தறியலாம்?

ஜெபிப்போம்

ஆண்டவரே, நீர் நிறைவேற்றினதோடு நாங்கள் ஒன்றையும் கூட்ட வேண்டியதில்லை என்பதற்காக உம்மைத் துதிக்கிறோம். வைத்தியத்துக்காகக் கடன்பட்டுத் தவிக்கும் குடும்பங்களை நினைத்தருளும். இரவு வார்டுகளில் விழித்திருக்கும் ஊழியர்களைத் தாங்கும். உம்முடைய வசனத்தை உண்மையாய்ப் பகுத்துச் சொல்ல எங்களுக்குக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபம் கேளும், நல்ல பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில் உங்கள்,
மருத்துவமனை ஆயர்,
கோவிலூர்